தண்ணீரில் வந்த கோடு

கலைவாணி பால் பாக்கெட் வாங்கினால் முதலில் தேதியைப் பார்ப்பாள். பிறகு அந்தத் தேதியின் மேல் விரலை வைத்துத் தேய்ப்பாள், மை அழிகிறதா என்று. அவள் ஊரான நூம்பலில் கடைக்காரருக்கு இது பழகிப்போன விஷயம். "தேச்சி முட்சிட்டியாம்மா, பில்லு போடட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைப் பையில் போடுவார்.

அவள் பிறக்கும்போதே இப்படி இல்லை. அவள் நாலாவது படிக்கும்போது, அப்பா ஏரிக்கரைப் பக்கம் இருந்த நிலத்தை மனை போடக் கொடுத்தார். அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போன கலைவாணி ஓடி வந்து, கல் நகர்ந்திருக்கிறது என்று சொன்னாள். நேற்று எருக்கஞ்செடிக்கு இந்தப் பக்கம் இருந்தது, இன்றைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் சும்மா இருக்க முடியாமல் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். கல் ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினார்.

அந்த ஒரு கல்தான் தன் மகளைக் கெடுத்தது என்பது அவள் அம்மா எல்லம்மாவின் கட்சி. அதற்குப் பிறகு கலைவாணியின் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் நகர்ந்துதான் தெரிந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் ஏன் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று யோசிப்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஆவடியில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். இவள் அந்த அலுவலகத்துக்கே போன் போட்டு, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டாள். இருந்தார். போனை எடுத்ததே அவர்தான். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்ததும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு புட்டியில் ஒட்டியிருந்த சீட்டின் கையெழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லி, அதன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தாள். பெயர் எழுதிய பெண்ணுக்கு அன்றைக்கு வலது கையில் அடிபட்டிருந்தது. இடது கையால் எழுதியிருந்தாள். முதலாளி அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருமழிசைப் பக்கம் ஒரு உணவுக் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயும் நிலைக்கவில்லை. கடைசியில் வந்து சேர்ந்த இடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த 'இழை' பயிற்சி மையம்.

இழையின் வேலை, கல்லூரிப் பிள்ளைகளை ஆய்வுக்கூடத்துக்குத் தயார் செய்வது. அந்தப் பிள்ளைகள் மூன்று வருடம் படித்திருப்பார்கள். டிஎன்ஏவைப் பல கோடி மடங்கு நகலெடுக்கும் முறையைப் பரீட்சையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஆனால் துளியை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டைக் கையில் கொடுத்தால் பட்டாசுத் திரியைப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். ஒரு துளியில் ஐம்பதில் ஒரு பங்கை எடுத்து ட்யூபில் விடுவது என்றால் என்ன என்று அவர்களுடைய விரலுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைப்பதுதான் கலைவாணியின் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. சந்தேகம் பிடித்தவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. யார் பிப்பெட்டின் முனையில் மாட்டும் டிப்பை மாற்றாமல் எடுத்தார்கள், யார் கட்டை விரலைச் சட்டென்று விட்டார்கள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வாள்.

மையத்தை நடத்தியவர் ராஜசேகரன். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்துவிட்டு இதைத் தொடங்கியவர். சிரித்த முகம். அந்தச் சிரிப்பே கலைவாணிக்குச் சந்தேகம். அந்த வருடம் ஒரு கல்லூரி முதல்முறையாக ஒரு குழுவை அனுப்பியிருந்தது. கடைசி நாளில் துறைத்தலைவி ஷோபனா நேரில் வந்து, பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டு, இனிமேலும் அனுப்புவதா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. ராஜசேகரன் கலைவாணியை அறைக்குள் கூப்பிட்டார். அந்தக் கல்லூரி போய்விட்டால் தனியாக ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ள மையத்துக்குத் தெம்பு இல்லை என்று சுற்றி வளைத்துச் சொன்னார். கலைவாணிக்கு வளைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த வேலையும் போனால் மூன்றாவது. நாலாவது இடத்தில் எவனும் கதவைத் திறக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சி பப்பாளி. பப்பாளியில் ஆண் மரம் காய்க்காது. ஆனால் கன்றாக இருக்கும்போது இலையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. டிஎன்ஏவைப் பார்த்தால் சொல்லிவிடலாம். இலையை அரைத்து அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஆண் மரத்தில் மட்டும் இருக்கும் ஒரு துண்டை மெஷினில் வைத்து நகலெடுக்க வேண்டும். பிறகு அதைக் கண்ணாடிபோல் இருக்கும் ஜெல்லில் ஊற்றி மின்சாரம் விட்டால், ஆண் மரத்துக்கு ஒளிரும் கோடு ஒன்று விழும். பெண் மரத்துக்கு விழாது. பாரிவாக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து கன்றுகளின் இலைகளும் ஒரு ஆண் மரத்தின் இலையும் வந்தன. காய்த்துக் குலுங்கும் பெண் மரத்தின் இலையைக் கலைவாணி தன் வீட்டுக் கொல்லையிலிருந்தே கொண்டுவந்தாள்.

இவற்றோடு கூட ஒரு ட்யூபில் இலையே போடாமல் வெறும் தண்ணீரை விட வேண்டும். அது காவல்கார ட்யூப். அதில் ஒன்றும் வரக்கூடாது. அதில் ஒன்றும் வராதவரைக்கும்தான் மற்ற ட்யூபில் வந்ததை நம்பலாம்.

முதல் ஜெல்லை விளக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆண் மரத்துக்குக் கோடு விழுந்திருந்தது. கன்றுகளுக்கு விழுந்திருந்தது. கலைவாணி வீட்டுப் பெண் மரத்துக்கும் விழுந்திருந்தது. தண்ணீருக்கும் விழுந்திருந்தது, பளிச்சென்று.

ஆவடியிலிருந்து வரும் தமிழ்வாணன் குனிந்து பார்த்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பையன். "மேடம், தண்ணி கூட ஆம்பளயா பூட்ச்சு மேடம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கலைவாணி சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஆண் மரத்தின் டிஎன்ஏ தண்ணீர் ட்யூபுக்குள் புகுந்திருக்கிறது. எப்படிப் புகுந்தது என்பதைவிட, யார் புகுத்தினார்கள் என்றுதான் அவள் மனம் ஓடியது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். அந்தப் புட்டியைக் கொட்டிவிட்டுப் புதிய புட்டியைத் திறந்தாள். நகலெடுப்பதற்காகச் சேர்க்கும் மருந்துகளை எல்லாம் புதிதாக எடுத்தாள். மேசையைத் தானே துடைத்தாள். பிள்ளைகள் துடைத்தால் சரியாகத் துடைக்கமாட்டார்கள் என்று. மறுபடியும் ஓட்டினார்கள். தண்ணீரில் மறுபடியும் கோடு.

அடுத்து தமிழ்வாணன். இவன் விளையாட்டுக்காக ஒரு சொட்டு விட்டிருப்பான் என்று தோன்றிவிட்டது. காரணம் சொல்லாமல் அவனைக் கடைசி மேசைக்கு மாற்றினாள். ட்யூபைத் தொடக் கூடாது, மற்றவர்கள் செய்வதை எழுதிக்கொள்ள மட்டும் செய்யலாம் என்றாள். அவன் மூஞ்சி சுருங்கியது. வாயாடிப் பையன் அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கோடு மட்டும் மறுபடியும் வந்தது.

ராஜசேகரன் வந்து ஜெல்லின் படத்தைப் பார்த்தார். படத்தில் தண்ணீர் ஓரத்தில்தானே இருக்கிறது, அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். வேண்டுமானால் போன குழுவின் படம் ஒன்று நன்றாக இருக்கிறது, அதைச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றார். கலைவாணி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் இன்னொரு எண்ணம் கிளம்பியது. இவரே ஏதாவது செய்கிறாரா? குறைந்த ஆளை வைத்துக்கொண்டு நடத்தலாம் என்று கணக்குப் போட்டு, தன்னை அனுப்புவதற்கு ஒரு காரணம் தேடுகிறாரா? அன்றைக்குக் கிளம்பும்போது, மருந்து இருக்கும் குளிர்பெட்டியை யாராவது திறந்தால் தெரியட்டும் என்று அதன் கதவில் ஒரு தலைமுடியை ஒட்டிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் முடி அப்படியே இருந்தது. அப்படி இருந்ததும் அவளுக்குச் சமாதானமாக இல்லை.

பிறகு சைமா. பூந்தமல்லிப் பெண். அதிகம் பேசமாட்டாள். அவள் அத்தா உஸ்மான் கனி தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். தரமணியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் விடுமுறை முழுக்க வேலை பழக இடம் கேட்டு எழுதியிருந்தாள் சைமா. கையால் என்னென்ன செய்யத் தெரியும் என்று அங்கே கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பயிற்சிக்கே வந்திருந்தாள். இந்த விவரம் எல்லாம் கலைவாணிக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெண் ட்யூபைப் பார்ப்பதைவிடத் தன்னைத்தான் அதிகம் பார்க்கிறாள் என்று கலைவாணிக்குப் பட்டது. தலையை நிமிர்த்தினால் சைமாவின் கண் தன் கையின் மேல் இருக்கும். வேறு எந்தப் பயிற்சி மையத்திலிருந்தோ வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்களோ என்றுகூட நினைத்தாள்.

வீட்டில் எல்லம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னாடி, மூஞ்சி இப்பிடி கீது? இந்த எடத்துலயும் எவனோடனா சண்ட வலிச்சிக்கினியா?"

தண்ணீரில் கோடு வருகிறது என்று கலைவாணி சொன்னாள்.

"தண்ணில கோடு வந்தா தண்ணிய மாத்து. அதுக்கு ஏன் சோத்தாண்ட மொறைக்கிற?"

மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டாள்.

ஷோபனா வருவதற்கு முந்தின நாள் இன்னொரு ஜெல்லை விளக்கில் வைத்தார்கள். அதே கோடு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கீழே லேத் ஓடும் சத்தம் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. சைமா மட்டும் போகாமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கோச்சிக்க மாட்டீங்கள்ல?"

கலைவாணி கேள் என்றாள்.

"நீங்கதான சொன்னீங்க, தண்ணில வந்தா எல்லாரையும் சந்தேகப்படணும்னு. ஒருத்தர விடக் கூடாதுன்னு."

"ஆமா."

"ஒருத்தர விட்டுட்டோம் மேடம்."

அந்தப் பெண் தரையைக் காட்டினாள். அறைக்கு நடுவில் தரையில் சிவப்பு நாடா ஒன்று ஒட்டியிருந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம் மருந்து கலந்து ட்யூபில் ஊற்றும் மேசை. அந்தப் பக்கம் மெஷினில் நகலெடுத்து முடித்ததை ஜெல்லில் ஊற்றும் மேசை. முதல் நாளிலிருந்தே போன குழு நகலெடுத்து வைத்த ட்யூபுகளைக் கொண்டு அங்கே ஊற்றிப் பழகினார்கள். நகலெடுத்து முடித்த ட்யூபில் ஒரு துளியில் கோடிக்கணக்கான துண்டுகள் இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிட்டிகை புதிய ட்யூபுக்குள் போனால் போதும், மெஷின் அதையும் பிடித்துப் பெருக்கிவிடும். அதனால் ஜெல் பக்கம் போனவர்கள் அன்றைக்கு நாடாவைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே கூடாது. நாடாவை ஒட்டியவளே கலைவாணிதான். பிள்ளைகள் ஒருவரும் மீறவில்லை. அந்தப் பக்கத்தில் யாராவது பேனா கேட்டால்கூட இந்தப் பக்கத்திலிருந்து தூக்கித்தான் போடுவார்கள்.

"நாங்க யாரும் தாண்டல மேடம். நீங்க தாண்டுறீங்க. ஜெல்லாண்ட அவங்க சரியா ஊத்துறாங்களான்னு புடிச்சுக் காட்டறீங்க. அப்பறம் இங்க வந்து எங்க ட்யூப் ஒவ்வொண்ணயும் தொறந்து பாத்து மூடறீங்க. நான் மூணு தபா பாத்துட்டேன்."

கலைவாணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிளவுஸ் போட்டிருக்கிறேனே என்றாள்.

"அதே கிளவுஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, சைமா துப்பட்டாவின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

கலைவாணி தன் கையைப் பார்த்தாள். நீல நிறக் கையுறை இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. அந்தக் கட்டை விரலால்தான் ஒவ்வொரு ட்யூபின் மூடியையும் நெம்பித் திறப்பாள். அளவு சரியாக இருக்கிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். மூடுவாள். அடுத்ததைத் திறப்பாள். பிள்ளைகள் சொன்னால் நம்பிக்கை வராது, பார்த்தால்தான் வரும். மற்ற எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று பெருமையாகக்கூட நினைத்திருக்கிறாள்.

இருந்தாலும் வாயால் சொன்னதை அப்படியே நம்புகிறவள் இல்லையே அவள். "சோதிச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

சைமா அத்தாவுக்குப் போன் போட்டு வர நேரமாகும் என்று சொன்னாள். தண்ணீரைச் சோதிக்கிறோம் என்று காரணம் சொன்னாள். அவர் சத்தமாகப் பேசுகிறவர்; பதில் கலைவாணிக்கும் கேட்டது. "தண்ணிய டெஸ்ட் பண்றதுக்கா காலேஜு? நம்மூட்டு மெட்ரோ வாட்டர முகந்து பாத்தே நான் சொல்லுவேனே" என்றார்.

எல்லா ட்யூபிலும் மருந்தும் வெறும் தண்ணீரும் மட்டும்தான். இலை என்பதே கிடையாது. இரண்டு வரிசை. இரண்டையும் சைமாவே நாடாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊற்றினாள். ஒரு வரிசையை மூடி ஓரமாக வைத்தாள். அதைக் கலைவாணி தொடவில்லை. கலைவாணி அந்தப் பக்கம் போய், வழக்கம்போலப் பழைய ட்யூபைத் திறந்து ஜெல்லில் ஊற்றினாள். பிறகு நாடாவைத் தாண்டி வந்து, இரண்டாவது வரிசையை வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினாள். வேண்டுமென்றே மென்மையாகத் தொடுகிறோமோ என்று அவளுக்கே தன் மேல் ஐயம் வந்தது. அதனால் ஒரு முறைக்கு இரண்டு முறை திறந்தாள். இரண்டு வரிசையும் ஒன்றாகவே மெஷினுக்குள் போயின.

மெஷின் முடிந்து, ஜெல் ஓடி, விளக்கைப் போட்டபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சைமா சன்னலை மூடினாள். தொடாத வரிசை முழுக்க இருட்டு. தொட்ட வரிசையில் ஒவ்வொரு ட்யூபின் தடத்திலும் கோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சைமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் கீழ போறேன் மேடம், அத்தா வந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கலைவாணி தனியாக அந்த ஜெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டிய தண்ணீர்ப் புட்டி ஞாபகம் வந்தது. அதைவிடத் தமிழ்வாணனின் சுருங்கிய முகம் ஞாபகம் வந்தது. தான் நம்பாத எல்லோரும் சுத்தமாக இருந்திருக்கிறார்கள். நம்பாமல் திறந்து பார்த்த கைதான் அழுக்கைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாமல், நாளைக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றால் போதும். ஜெல் சுத்தமாக வரும், வேலையும் நிலைக்கும். அது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு வழி இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டியதுதானே.

மறுநாள் காலையில் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு நேற்றைய ஜெல்லைக் காட்டினாள். எது தன் கை பட்டது, எது படாதது என்று சொன்னாள். தமிழ்வாணனைப் பார்த்து, "உன்ன தப்பா நெனச்சிட்டேன்" என்றாள்.

அவன் கடைசி மேசையிலிருந்து தன் நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "பரவால்ல மேடம். எங்கூட்லயும் ரிமோட்டு காணாம பூட்டா மொதல்ல எம்பேர்தான்" என்றான்.

யார் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டார்கள். மருந்து கலப்பது தமிழ்வாணனும் சைமாவும். மேடம் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, ஜெல் பக்கம் என்று கலைவாணியே சொன்னாள். அங்கே நின்றால் கலக்கும் மேசையில் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பல் வலியைவிட மோசமாக இருந்தது. டிப் மாற்றினார்களா? அளவைத் திருகிச் சரி பார்த்தார்களா? தமிழ்வாணன் ஏதோ சொல்ல, சைமா சிரித்தாள். என்ன சிரிப்பு? ஒரு முறை கால் தானாக நாடாவரைக்கும் போய்விட்டது. "மேடம்" என்றான் தமிழ்வாணன், திரும்பிப் பார்க்காமலே. கால் பின்னுக்கு வந்தது.

ஷோபனா மதியம் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் பார்க்கும் அம்மாள். ராஜசேகரன் டீ, பிஸ்கட் என்று பின்னாலேயே சுற்றினார். ஜெல் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். ஆண் மரத்துக்குக் கோடு. கன்றுகளில் சிலவற்றுக்குக் கோடு, சிலவற்றுக்கு இல்லை. கொல்லைப் பெண் மரம் காலி. தண்ணீர் காலி.

ராஜசேகரன் மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. சான்றிதழ்களை எடுக்க அவர் நகர்ந்தபோது, கலைவாணி மேசை இழுப்பறையைத் திறந்து பழைய ஜெல் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து ஷோபனா முன்னால் வைத்தாள். கடைசியாக நேற்றைய படம்.

"இதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் தண்ணில கோடு வந்துச்சு மேடம். காரணம் என் கை. நான்தான் ஜெல் பக்கத்துலேருந்து வந்து இவங்க ட்யூபெல்லாம் தொறந்து பாத்தேன். கண்டுபுடிச்சது சைமா."

ராஜசேகரனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஷோபனா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கலைவாணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நல்லெண்ணம் எதுவும் இல்லை.

"இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? யாரும் கேக்கலையே."

கலைவாணி படங்களின் ஓரங்களை நேராக்கி அடுக்கினாள்.

"சரி, விடுங்க" என்று ஷோபனா ஜெல்லின் பக்கம் திரும்பினார். "இன்னைக்குத் தண்ணி காலியா வந்திருக்கு. இதை மட்டும் நான் எப்படி நம்பறது? அந்த ட்யூப்ல மருந்தே போடாம விட்டிருந்தாலும் காலியாத்தான் வரும்."

சரியான கேள்வி. அவளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அவளுக்குப் பதில் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் முதுகுகள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் பார்க்காத ஒன்றுக்குத் தன் வேலையைப் பணயம் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து எல்லாம் ஒரே குண்டான்ல கலக்குனது மேடம்" என்றான் தமிழ்வாணன். "அதுலேருந்துதான் எல்லா ட்யூபுக்கும் ஊத்துனோம். தட்டு வேற, சாம்பார் ஒண்ணுதான்."

"அந்தத் தட்டுல சாம்பார் ஊத்துனதுக்கு என்ன சாட்சி?"

சைமா ஜெல்லின் மேல் குனிந்தாள். தண்ணீர்த் தடத்தின் அடியில், கிட்டத்தட்ட ஜெல்லின் விளிம்பில், விரலை வைத்தாள். புகைபோல ஒரு மங்கல் அங்கே இருந்தது. இலை இல்லாத ட்யூபில் மருந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு விடும் மிச்சம் அது. மருந்து போடாத ட்யூபில் அதுகூட வராது.

"இது மருந்து மேடம். போட்டிருக்கோம். வேணும்னா இன்னொரு தபா, நீங்க பக்கத்துல நின்னு பாக்க, செஞ்சு காட்டறோம்" என்றாள் சைமா.

ஷோபனா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்த மங்கலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அடுத்த வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளையே அனுப்புகிறேன் என்று ராஜசேகரனிடம் சொன்னார். கடைசி வருஷம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்றார். முதல் நாளே அந்தக் கெட்டுப்போன படங்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். "இவங்க இருப்பாங்க இல்ல?" என்று கலைவாணியைக் காட்டிக் கேட்டார்.

இருப்பார்கள் என்று ராஜசேகரன் சொன்னார்.

ஷோபனாவைக் கீழே கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு மேலே வந்தவர் கலைவாணியிடம் நேராகவே கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்ததே, எதற்காக அதை எடுத்து நீட்டினாய், கல்லூரி போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

"தெரியல சார். சொல்லாம விட்டுட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணு பெரிய லேப்ல நின்னுக்கிட்டு, மேடம் மூடி மறைச்சாங்கன்னு நெனைப்பா. நெனைக்கலன்னாலும், நெனைக்கிறாளோன்னு எனக்கு இருந்துக்கிட்டே இருக்கும்."

ராஜசேகரனுக்கு இது புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. நாளைக்கு இன்னொரு சுருள் சிவப்பு நாடா வாங்கி வரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதில் கேலி இருக்கிறதா என்று கலைவாணி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பிள்ளைகள் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். கலைவாணி விளக்கை மறுபடியும் போட்டு ஜெல்லின் மேல் குனிந்தாள். தண்ணீர்த் தடம் இருட்டாகவே இருந்தது. அடியில் அந்த மங்கல். கோணத்தை மாற்றிப் பார்த்தாள். இன்னொரு கோணத்திலும் பார்த்தாள்.

"இன்னுமா மேடம் நம்பல?" என்றான் தமிழ்வாணன் வாசலில் நின்றுகொண்டு.

"இல்ல" என்றாள் அவள்.

"அப்ப நீங்க பாத்துகினே இருங்க. நாங்க பஸ்ஸ புடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். சைமா மட்டும் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, நாடாவைத் தாண்டாமல் ஜெல் பக்கமாகவே சுற்றி நடந்து, கலைவாணிக்குப் பக்கத்தில் குனிந்து தானும் ஒரு முறை பார்த்தாள்.